விறகு விலைக்குப் போகும் வைரம்

வரப்பில் நிற்பது தேக்கு என்றால் கன அடிக் கணக்கில் விலை பேசுகிறோம். பக்கத்தில் நிற்கும் பூவரசையும் வாகையையும் வியாபாரி டன் கணக்கில் கேட்டால், விறகுதானே என்று தலையாட்டிவிடுகிறோம். மரத்தை அறியாததால் வரும் நட்டம் இது.

மரத்தின் மதிப்பு அதன் வைரத்தில் இருக்கிறது. பூவரசின் வைரம் அடர்பழுப்பு. உறுதியானது, நன்றாக மெருகேறும். வண்டிச் சக்கரத்துக்கு முன்னோர் அதைத் தேர்ந்தது காரணத்தோடுதான். வாகையின் வைரம் கரும்பழுப்புக் கோடுகளுடன் இருக்கும்; கட்டில், மேசைக்கு ஏற்றது. ஆனால் அறுக்கும்போது அதன் தூள் தும்மலை வரவழைக்கும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். மஞ்சள் கடம்பு நெருங்கிய இழை கொண்டது. கடைசல், செதுக்கு வேலைகளுக்கு நல்லது. குமிழ் இலகுவானது, காய்ந்தபின் அதிகம் கோணாது. நாட்டுக் கருவேலம் கருவிகளின் பிடிக்கும் வண்டிப் பாகங்களுக்கும் உகந்தது.

நிற்கும் மரத்தை இலையும் காயும் காட்டிக் கொடுக்கும். வெட்டிய கட்டையில் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. வெயில் பட்டால் நிறம் மாறும். வெட்டுமுகத்தைக் கூரிய கத்தியால் சீவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். துளைகளின் அளவும் அமைப்பும் மரத்துக்கு மரம் வேறுபடும். வேங்கைக்கு வேறு அடையாளமும் உண்டு: பட்டையைக் கீறினால் சிவந்த பிசின் வடியும். சந்தேகம் இருந்தால், பெங்களூரு மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாதிரியைக் காட்டிக் கேட்கலாம்.

விலை பேசுமுன் கன அளவை நீங்களே கணக்கிடுங்கள். நடுச் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்க வேண்டும். சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி என்றால் 1 × 1 × 10 = 10 கன அடி. கோணலான, பொந்து விழுந்த கட்டை விறகுக்குத்தான் போகும். நேரான அடிமரத்தைத் தனியே பிரித்து விற்க வேண்டும். ஒற்றை மரத்துக்கு வெளியூர் மில்லிலிருந்து வண்டி வராது. ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து விற்றால் வரும்.

வெட்டியதும் கட்டையின் முனைகளில் பெயின்ட் பூசினால் வெடிப்பு குறையும். அறுத்த பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து நிழலில் அடுக்கி உலர்த்துங்கள். வெளிப்புற வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைக்கும். அதை நீக்குங்கள், அல்லது போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவையுங்கள். சந்தனம் போன்ற சில மரங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. எந்த மரமானாலும் வெட்டுமுன் வனச்சரக அலுவலகத்தில் விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மரக்கன்று கொடுப்பதோடு விரிவாக்கப் பணி முடிந்துவிடக் கூடாது. வளர்ந்த மரத்தை அறியவும் அளக்கவும் வட்டாரந்தோறும் பயிற்சி வேண்டும். விரிவாக்க அலுவலர் கையில் ஒரு லென்ஸும் அளவு நாடாவும், அலுவலகத்தில் பெயர் எழுதிய மரத்துண்டுகள் கொண்ட ஒரு பெட்டியும் இருந்தால் போதும். பெரிய செலவில்லை. இருபது, முப்பது ஆண்டு காத்து வளர்த்த விவசாயிக்கு அதன் முழு விலையும் கிடைக்க இதுவே முதல் படி.