கைக்குள்ளே என்ன இருக்கிறது?



லைட்டரையோ சாவியையோ பொத்திப் பிடித்துக் குத்தினால் அடி பலமாக விழும் என்று எங்கள் வன்னிப் பொடியன்கள் நம்புகிறார்கள். "சும்மா கதை" என்று நாங்கள் தட்டிவிடக் கூடாது. கொஞ்சம் உண்மை இருக்கிறது: உள்ளே பொருள் இருந்தால் முஷ்டி இறுகி நிற்கும். ஆனால் லைட்டரின் பாரம் மிகக் கொஞ்சம்தான், அடியைப் பெரிதாகக் கூட்டாது. மோதுவது விரல் மொளிதான். சுண்டுவிரல் மொளிக்குக் கீழே எலும்பு முறிந்தால் பேனை பிடிப்பதும் கஷ்டமாகலாம்.

பெரிய குத்துச்சண்டைக்காரருக்கும் இந்த ஆசை வந்தது. 2009 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸில், உலக சாம்பியன் மார்கரிட்டோவின் கைக்கட்டுக்குள் கடினமான பட்டை இருந்ததை எதிர்த்தரப்புப் பயிற்சியாளர் நசீம் ரிச்சர்ட்சன் பிடித்துவிட்டார். கட்டை மாற்றிக்கொண்டு இறங்கியவர் 9ஆம் சுற்றில் தோற்றார். பிறகு உரிமமும் பறிபோனது.

கோபத்தில் கை ஓங்குவது வேறு. பொருளைத் தேடியெடுத்துப் பொத்திக்கொண்டு போவது வேறு. அந்த இடைவெளியில் பிள்ளை யோசித்திருக்கிறான், காயப்படுத்தவே முடிவெடுத்திருக்கிறான். ஆசிரியர்களும் பெற்றோரும் இதைப் "பொடியன்கள் சண்டை" என்று மூடி மறைக்க வேண்டாம். இன்றிரவே பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக் கதைப்போம்.