அதே கார், அதே பார்ட்ஸ்… நண்பரோட டியூன் ஃபைல் செட் ஆகுமா?

கலிபோர்னியாவில் ஒருவர் 2004 மாடல் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். பெரிய இன்டேக் குழாய், பெரிய இன்ஜெக்டர், அகலமான எக்ஸாஸ்ட் எல்லாம் மாட்டியாச்சு. பர்ஸும் காலி. மிச்சம் இருப்பது ஒரே வேலை: இந்த மாற்றங்களுக்கு ஏற்ப இன்ஜின் கம்ப்யூட்டரை (இசியு) டியூன் செய்வது. அதற்கும் காசா? 'இதே செட்டப் வெச்சிருக்கிற நண்பர்கிட்ட ஃபைல் இருக்கே, அதையே ஏத்திடலாம்' என்ற யோசனை வருவது இங்கேதான். இன்ஜினுக்குக் கேடு ஆரம்பிப்பதும் இங்கேதான்.

அப்படி என்ன ஆகிடும்?

இந்த காரில் இன்டேக் குழாய்க்குள் ஒரு சென்சார் இருக்கும். எவ்வளவு காற்று போகுதுன்னு அது சொல்ல, அதற்கேற்ப இசியு பெட்ரோல் விடும். அந்தக் கணக்கு கம்பெனி குழாயின் விட்டத்துக்கு எழுதப்பட்டது. குழாய் பெரிதானால் சென்சாரைக் கடக்கும் காற்றின் வேகம் குறையும். உள்ளே போவது அதே அளவு காற்றுதான், ஆனால் சென்சார் குறைச்சலாகச் சொல்லும். பெட்ரோலும் குறையும்.

சாதாரண ஓட்டத்தில் 1 கிராம் பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிராம் காற்று. டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது சூட்டைத் தணிக்க இன்னும் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அந்த நேரத்தில் குறைந்தால், எரியாத கலவை தானாக வெடிக்கும். இதுதான் 'நாக்கிங்'. பலமாக வந்தால் பிஸ்டன் உடையும்.

நண்பரின் குழாயும் அதே சைஸ்தானே? இருக்கலாம். சென்சார் பொருந்தும் இடம் கொஞ்சம் தள்ளி இருந்தாலே ரீடிங் மாறும். பெட்ரோலும் ஒரு பிரச்சினை. கலிபோர்னியாவில் பிரீமியம் பெட்ரோல் பொதுவாக 91 ஆக்டேன், கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் 93. நண்பர் அந்தப் பக்கம் இருந்தால், 93-க்கு எழுதிய ஸ்பார்க் டைமிங் 91-ல் நாக்கிங்கைக் கூப்பிடும். நாக் சென்சார் ஓரளவு சமாளிக்கும், அவ்வளவுதான்.

கஸ்டம் டியூன் என்றால், அந்த ஒரு காரை டைனோ உருளையில் ஓட்டி, காற்று-பெட்ரோல் அளவையும் நாக்கிங்கையும் பார்த்துப் பார்த்துத் திருத்துவது. ஓட்டிப் பதிவுசெய்த டேட்டாவை மெயிலில் அனுப்பித் திருத்தி வாங்கும் இ-டியூனும் உண்டு. ஆனால் அதற்காக ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கப் பொதுச் சாலை சரியான இடமில்லை. டைனோவே மேல்.

அதற்கு முன்னால் கம்ப்ரஷன் டெஸ்ட், பூஸ்ட் லீக், ஃப்யூல் பம்ப், ஸ்பார்க் பிளக் எல்லாம் பார்க்கணும். 20 வருஷ இன்ஜினில் கம்ப்ரஷன் குறைவாக இருக்கிறதென்று டியூனர் காரைத் திருப்பி அனுப்பினால், அவர்தான் நல்ல டியூனர். குதிரைத்திறன் எவ்வளவு வரும் என்பதை மட்டுமே பேசுபவரிடம் கொஞ்சம் உஷாராக இருக்கலாம்.

சட்டமும் இருக்கு. 2021 ஜூலையில் இருந்து கலிபோர்னியாவின் புகைச் சோதனையில் இசியு சாஃப்ட்வேரையும் பார்க்கிறார்கள். அது கார் கம்பெனி கொடுத்ததாகவோ, மாநிலக் காற்று வள வாரியம் அனுமதித்ததாகவோ இல்லை என்றால் ஃபெயில். டியூன் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அங்கே அது எடுபடாது. டியூனரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இந்த அனுமதி பற்றித்தான்.