கஞ்சி போதும் என்று யார் சொன்னது?



போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி. வடை பரிமாற வந்த பையனை அவருடைய மகன் தடுத்தார். "அம்மாவுக்கு வேண்டாம்ப்பா, கொஞ்சம் ரசம் சாதம் போதும்." பாட்டி வாய் திறக்கவில்லை. என் இலையிலிருந்த வடையை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

அந்த மகன் கெட்டவர் இல்லை. அம்மா மேல் உயிரையே வைத்திருக்கிறார். அதுதான் என் கோபம். நம் வீடுகளில் பெரியவர்களைப் பாசத்தோடு பட்டினி போடுகிறோம்.

"புரதம் வளர்ச்சிக்கு" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். நீங்களும் அப்படியே பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கினீர்கள். அது பாதிப் பாடம். தேய்வதை ஈடுகட்டவும் புரதம் வேண்டும் என்பது மீதிப் பாதி. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. அதே அளவு புரதம் சாப்பிட்டாலும் முதிய உடம்பு இளவயதில் போலத் தசையைக் கட்டுவதில்லை. ஆகவே வயதானவருக்குச் சோறு குறையலாம், புரதம் குறையக் கூடாது. நாம் செய்வது நேர் எதிர். புரதத்தைக் குறைத்துவிட்டுச் சோற்றைக் கரைத்துக் கொடுக்கிறோம்.

கணக்குப் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் முதியவர்களுக்கு வேண்டும் என்பது இன்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்லும் அளவு. 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 50 முதல் 60 கிராம். காலையில் கஞ்சி, மதியம் ரசம் சாதம், ராத்திரி இரண்டு இட்லி, நடுவில் இரண்டு டீ. எல்லாம் சேர்த்து 20 கிராம் தேறினால் அதிகம்.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. என் அம்மாவுக்கு நானே இதைத்தான் செய்தேன். அப்பா போன பிறகு அம்மா என்னோடு இருந்தார். "எனக்கு எதுக்குடி முட்டை, புள்ளைங்களுக்குக் குடு" என்பார். நானும் சரியென்று விட்டுவிட்டேன். காலையும் இரவும் கஞ்சி. பள்ளியில் புரதம் பாடம் நடத்திவிட்டு வந்து வீட்டில் கஞ்சி காய்ச்சினேன். ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் எழுந்து நிற்கக் காலில் பலமில்லை. எட்டு மாதம் படுக்கையிலேயே இருந்து போய்ச் சேர்ந்தார். கஞ்சிதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. எழுந்து நிற்க வேண்டிய தசையை நான் ஊட்டி வளர்க்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"சர்க்கரை இருக்கு டீச்சர், அதனாலதான் கஞ்சி" என்பீர்கள். அரிசிக் கஞ்சி முழுக்க மாவுச்சத்து, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். "பல் இல்லை" என்பீர்கள். பருப்பைக் கெட்டியாகக் கடையுங்கள், கடலையைப் பொடியாக்குங்கள், சுண்டலை மசியுங்கள், மீனில் முள் எடுங்கள். "அவங்களே வேண்டாம்னுதான் சொல்றாங்க" என்பீர்கள். வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும். அது நியாயமான காரணம். மற்றதெல்லாம் சாக்கு.

செலவும் பெரிதில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 200 மில்லி பாலில் 6. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. நூறு கிராம் மீனில் 20க்குப் பக்கம். வெளிநாட்டிலிருந்து விலை உயர்ந்த பவுடர் டப்பா அனுப்பும் பிள்ளைகளே, அந்தக் காசில் மாதம் முழுக்க முட்டையும் பாலும் வாங்கலாம்.

அரசையும் விடமாட்டேன். சத்துணவில் குழந்தைகளுக்கு முட்டை போடும் மாநிலம் இது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் 2023இல் உயர்த்தியபோதும் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய்தான் ஆனது, நாளுக்கு 40. அதில் மாத்திரை போக முட்டைக்கு என்ன மிஞ்சும்? 2031இல் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அறுபது வயது தாண்டியவர்களாக இருப்பார்கள் என்று மத்திய அரசின் மக்கள்தொகை மதிப்பீடே சொல்கிறது. அவர்களுக்கும் ரேஷன் அரிசியே போதும் என்று இருந்துவிடுவோமா?

இப்போது வீட்டுப்பாடம். தினமும் போனில் "சாப்டீங்களாம்மா?" என்று கேட்கிறீர்கள். "ஆச்சுப்பா" என்று பதில் வருகிறது. உங்களுக்கும் நிம்மதி, அவர்களுக்கும் நிம்மதி. இன்று ராத்திரி கேள்வியை மாற்றுங்கள். "என்ன சாப்டீங்கம்மா?" என்று கேளுங்கள். வரும் பதிலை ஒரு தாளில் எழுதிப் புரதத்தைக் கூட்டிப் பாருங்கள். கூட்டல் உங்களுக்கு நன்றாகவே வரும் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்