அடுக்கிக் கொடுங்கள், தேடிக்கொள்கிறோம்

அகராதியில் 'மழை'க்குப் பொருள் பார்ப்பவர் 'அ'விலிருந்து படித்துக்கொண்டு வருவதில்லை. நடுவில் பிரிக்கிறார், தேடும் சொல் முன்னே இருக்குமா பின்னே இருக்குமா என்று பார்த்துப் புரட்டுகிறார். யூனிக்ஸ் கணினிகளில் 'லுக்' என்ற கட்டளை செய்வதும் இதையேதான். 1979இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்த கருவி இது. அடுக்கிய கோப்பு ஒன்றையும் தொடக்க எழுத்துகள் சிலவற்றையும் கொடுத்தால், அவற்றில் தொடங்கும் வரிகளைக் காட்டும். பேர்பெற்ற இன்னொரு தேடல் கட்டளையான 'கிரெப்' ஒரு வரி விடாமல் படிக்கும். லுக் கோப்பைப் பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே போகும். நூறு கோடி வரி என்றாலும் முப்பது தடவைக்குள் இடம் அகப்பட்டுவிடும். ஆகவே, பெரிய பட்டியல்களைப் பொதுமக்களுக்கு வெளியிடுவோர் அவற்றை அடுக்கியே வெளியிட வேண்டும் என்பது என் கட்சி. கசிந்த கடவுச்சொற்களைத் திரட்டும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் 2018இல் ஐம்பது கோடிக்கும் மேற்பட்ட ஹாஷ்களை (கடவுச்சொற்களிலிருந்து கணக்கிட்ட குறியீடுகளை) அப்படி அடுக்கியும் கொடுத்தது. இறக்கிக்கொண்டவர் டேட்டாபேஸ் எதையும் நிறுவாமல் தேடலாம்.

அடுக்குவதற்கே நேரம் பிடிக்குமே என்பார்கள். ஒரே ஒருமுறை தேட கிரெப் போதும், மறுக்கவில்லை. ஆனால் வெளியிடுபவர் ஒருமுறை அடுக்கினால் பல்லாயிரம் பேருக்கு வேலை மிச்சம். டேட்டாபேஸ் எதற்கு இருக்கிறது என்ற கேள்வியும் வரும். நாள்தோறும் மாறும் கணக்குகளுக்கும், வரியின் நடுவில் இருப்பதைத் தேடுவதற்கும் அதுதான் சரி. மாறாத பட்டியலுக்கு அது கொசுவுக்குப் பீரங்கி. உண்மையான இடர் வேறு: கோப்பை அடுக்கிய முறையும் லுக் ஒப்பிடும் முறையும் ஒன்றாக இல்லாவிட்டால், இருக்கும் வரியையே அது காணாமல் விட்டுவிடும், பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. தமிழில் இது நிஜமான ஆபத்து. நம் நெடுங்கணக்கில் ற, ன இரண்டும் கடைசி. யூனிகோடு எண்வரிசையிலோ ர-வை அடுத்து ற, ந-வை அடுத்து ன. நெடுங்கணக்குப்படி அடுக்கிய சொற்பட்டியலை எண்வரிசைப்படி தேடினால் 'மனம்' இருந்தும் கிடைக்காமல் போகலாம். இதற்காக அடுக்குவதைக் கைவிட வேண்டியதில்லை. சொற்பட்டியலோ பெயர்ப்பட்டியலோ வெளியிடுகிறவர்கள், எந்த வரிசையில் அடுக்கியது என்பதையும் கூடவே ஒரு வரி எழுதிவையுங்கள்.