பூட்டு தொங்குகிறது, ஆளைக் காணோம்!

ஐந்தாம் தேதி வாடகை வரவில்லை. பத்தாம் தேதியும் வரவில்லை.

"மாதக் கடைசியில் காலி செய்து விடுகிறேன், அம்மா" என்று சொன்னவர்தான். மாதம் முடிந்து விட்டது. மாடிக் கதவில் பூட்டு தொங்குகிறது. போன் செய்தால் மணி அடிக்கிறது. எடுக்க ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்து அந்த மணியும் நின்று விட்டது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு கியாஸ் அடுப்பு. ஆசாமி போய் விட்டாரா? திரும்பி வருவாரா? அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

கீழ் வீட்டில் இருப்பவர் வயதான அம்மாள். கணவர் விட்டுப் போன சொத்து அந்த வீடு ஒன்றுதான். மாடியில் இருந்து வரும் 8 ஆயிரம் ரூபாயில்தான் அரிசியும் மருந்தும். புதிதாகக் குடிவர ஒருவர் அட்வான்சைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"பூட்டை உடையுங்கள் பாட்டி. உங்கள் வீடுதானே!" என்கிறார் எதிர்வீட்டுக்காரர்.

இது ஒரு வீட்டின் கதை அல்ல. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் பல வீடுகளில் நடக்கிற கதை.

பூட்டில் கை வைக்கலாமா?

எதிர்வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. வீடு அம்மாளுடையதுதான். ஆனால் பத்திரங்களில் "சுவாதீனம்" என்று ஒரு சொல் வரும். வீடு இப்போது யார் கையில் இருக்கிறது என்பது அதன் பொருள். சொந்தம் அம்மாளிடம் இருக்கிறது. சுவாதீனம் இன்னும் குடித்தனக்காரரிடம் இருக்கிறது. அவர் சாவியைக் கொடுத்தால் அது திரும்பும். அல்லது கோர்ட்டு உத்தரவு போட்டால் திரும்பும். சுத்தியலால் திரும்பாது.

உடைத்தால் என்ன ஆகும்? ஒருவர் கையில் இருக்கும் இடத்தை அவர் சம்மதம் இல்லாமலும், சட்டப்படி இல்லாமலும் பிடுங்கினால், அவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு அந்த இடத்தைத் திரும்பப் பெறலாம். 1963-ம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் இதைச் சொல்கிறது. அந்த வழக்கில் "வீடு யாருக்குச் சொந்தம்?" என்பது கேள்வியே அல்ல.

அது கூடப் பரவாயில்லை. "பீரோவில் பத்துப் பவுன் வைத்திருந்தேன். காணவில்லை!" என்று அவர் வந்து நின்றால்? சாட்சி இல்லாமல் உடைத்த பூட்டுக்கு அம்மாள் என்ன பதில் சொல்ல முடியும்?

கரண்டை நிறுத்துவது, தண்ணீர்க் குழாயை அடைப்பது, இவையும் கூடாது. இப்போது தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்தது. 1960-ம் ஆண்டின் பழைய சட்டம் அதோடு போய் விட்டது. குடியிருப்பவருக்கு உரிய அவசிய வசதிகளை வெட்டக் கூடாது என்று புதிய சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

முதலில் ஆள் சுகமா?

பாக்கியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தனியாக இருந்தவர் ஆஸ்பத்திரியில் கிடக்கலாம். ஊரில் ஒரு சாவு விழுந்திருக்கலாம். வேலை போயிருக்கலாம்.

ஆகையால் முதல் விசாரணை அன்பாகவே இருக்கட்டும். அவர் வேலை பார்த்த இடத்தில் கேட்கலாம். ஒப்பந்தத்தில் இருக்கும் சொந்த ஊர் முகவரிக்கு ஆள் அனுப்பலாம். ஒரு தகவலும் இல்லை என்றால் போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது. உள்ளிருந்து கெட்ட வாடை வந்தாலோ, கியாஸ் கசிந்தாலோ நிலைமையே வேறு. உடனே போலீசையோ தீயணைப்புப் படையையோ கூப்பிட வேண்டும். அவர்கள் முன்னிலையில் கதவைத் திறந்தால், நடந்ததற்குச் சாட்சி உண்டு.

காகிதம் பேசட்டும்

ஆள் சுகமாகத்தான் இருக்கிறார், வேண்டுமென்றே ஒளிகிறார் என்று தெரிந்தால் அடுத்தது நோட்டீஸ். போனில் நூறு முறை கூப்பிட்டதைக் கோர்ட்டில் காட்டுவது கஷ்டம். ஒரு காகிதத்தைக் காட்டுவது எளிது.

"இன்ன தேதியோடு குடித்தனம் முடிந்தது. பாக்கி இவ்வளவு. 15 நாளுக்குள் சாவியைக் கொடுத்துச் சாமான்களை எடுத்துக் கொள்ளவும்." இவ்வளவு எழுதினால் போதும். திட்ட வேண்டியதில்லை. கையில் நேராகக் கொடுக்கலாம், வீட்டாரிடம் கொடுக்கலாம், தபாலில் அனுப்பலாம். ஒன்றும் முடியாவிட்டால் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இந்த வழிகள் இருக்கின்றன. ஒட்டிய பிறகு, அக்கம்பக்கத்தார் இருவரை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துக் கொள்வது புத்திசாலித்தனம்.

பழைய பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்து விட்டது. ஆகவே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பிலும் அதே வாசகத்தை அனுப்பலாம்.

பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் அப்பாவோ அண்ணனோ பேச வருவார்கள். "சாமான் வேண்டாம், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று ஒரு வரி வந்தாலும் போதும். அதை அழிக்காமல் வைத்துக்கொண்டு, சாவி வந்ததும் இருவர் முன்னிலையில் திறந்து, உள்ளே இருப்பதற்குப் பட்டியல் எழுதலாம். வீடு துடைத்து வைத்தாற்போல் காலியாகி, சாவியும் ஆணியில் தொங்கினால் அதுவும் ஒப்படைத்த மாதிரிதான்.

அதற்கும் அசையாவிட்டால் வாடகை கோர்ட்டு இருக்கிறது. இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாதவரைக் காலி செய்யச் சொல்லும்படி அங்கே கேட்கலாம். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிந்திருந்தால்தான் வழி சுலபம். வாய்ப்பேச்சில் வீடு விட்டவர்கள் அங்கேதான் திண்டாடுகிறார்கள். கோர்ட்டு வழி மெதுவான வழி. அரிசி வாங்க வேண்டிய அம்மாளுக்கு இது கசப்பான மருந்துதான். அதை மறைப்பதில் பயன் இல்லை.

அட்வான்ஸ் யார் பணம்?

இனி வீட்டுச் சொந்தக்காரர்களுக்குப் பிடிக்காத ஒரு பேச்சு.

குடித்தனக்காரர் ஏன் ஒளிகிறார்? பல இடங்களில் காரணம் அட்வான்ஸ்தான். "கேட்டால் தர மாட்டார், வெள்ளை அடித்தேன் என்று கழித்து விடுவார்" என்று பயந்து, கடைசி இரண்டு மூன்று மாத வாடகையைக் கட்டாமல் அட்வான்சை அவர்களே தின்று தீர்க்கிறார்கள். போனை எடுத்தால் சண்டை வரும். எனவே எடுப்பதில்லை. அது தப்புத்தான். ஆனால் அந்தப் பயத்தை வளர்த்ததில் வீட்டுக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. சென்னையில் பத்து மாதம் கேட்ட வழக்கம் இன்னும் பலருக்கு மறக்கவில்லை. எவ்வளவு வாங்கினாலும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும்.

அம்மாள் 50 ஆயிரம் வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாத வாடகை 16 ஆயிரம், கரண்டு பில் 1,200. மீதி 32,800 ரூபாய் குடித்தனக்காரர் பணம். அவர் கேட்காவிட்டாலும் அவர் பணம்தான். நாலு வருஷம் குடியிருந்த சுவரில் சாயம் மங்குவது இயற்கை. அதற்கு அவர் ஏன் அழ வேண்டும்? உடைத்த வாஷ்பேசினுக்குக் கழிக்கலாம், பில்லோடு கழிக்கலாம்.

நோட்டீசிலேயே இந்தக் கணக்கையும் எழுதி, "சாவியோடு வந்தால் 32,800 ரூபாய் தயார்" என்று ஒரு வரி சேர்த்துப் பார்க்கலாம். கோர்ட்டு சம்மனுக்கு வராத ஆள் இதற்கு வருவார்.

வந்தால், வாசலிலேயே இரண்டு ரசீதுகள் எழுத வேண்டும். சாவி பெற்றதற்கு அம்மாள் கையெழுத்து. பணம் பெற்றதற்கு அவர் கையெழுத்து. புதிதாக வருகிறவரின் ஒப்பந்தத்தில், அவருடைய நம்பரோடு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரின் நம்பரையும் அன்றைக்கே கேட்டு எழுதிக் கொள்ளலாம்.