ராத்திரியில் ஊர் சுற்றும் தோட்டத்து நாய்

“கொறங்காட்டோடு சேர்ந்த 4 ஏக்கர் தோட்டம் எங்களுடையது. சாளையில் 3 வயது ஆண் நாட்டு நாய் இருக்கிறது. பகலில் நல்ல காவல். இருட்டிவிட்டால் வேலிக்குள் நிற்பதில்லை, விடிகாலையில்தான் திரும்புகிறது. போன வாரம் பக்கத்துத் தோட்டத்துப் பட்டியில் 3 ஆடுகளை நாய்கள் கடித்துப் போட்டுவிட்டன. ‘அந்தக் கூட்டத்துல உங்க நாயும் இருந்துச்சு. இன்னொரு தடவை வந்தா மருந்து வெச்சிருவேன்’ என்கிறார் அவர். கட்டினால் கயிற்றைக் கடித்து அறுத்துவிடுகிறது, இல்லையென்றால் இரவெல்லாம் ஊளையிடுகிறது. எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் என் மாமனார். என்ன செய்யலாம்?”

- வாசகி, காங்கேயம் வட்டம்

கொண்டுபோய் விடும் யோசனையை முதலில் கைவிடுங்கள். விட்ட ஊரில் அது இன்னொருவர் பட்டியைத் தேடிப் போகும். உங்கள் தொல்லை அவர் தலையில் விழும், அவ்வளவுதான்.

இன்று இரவிலிருந்தே நாயைக் கட்டுங்கள். கட்டியிருப்பதைப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். வந்து பார்க்கவும் சொல்லுங்கள். நாய் கட்டில் இருக்கும் நாளில் மறுபடி ஆடு கடிபட்டால், வேறு நாய்களும் வருகின்றன என்று அவருக்கே புரியும். கடித்ததில் உங்கள் நாயும் இருந்தது உறுதியானால் நஷ்டத்தைப் பேசித் தீர்த்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகளோடு சாதுவாகப் படுத்திருக்கும் நாய், நான்கு நாய்களோடு சேர்ந்தால் வேறு பிராணி. ஒருமுறை ஆட்டைத் துரத்தி ருசி கண்டது மறுபடியும் போகும். மருந்து வைப்பது குற்றம் என்பதையும் அவரிடம் பதமாகச் சொல்லலாம். பாரதிய நியாய சன்ஹிதா 325-ம் பிரிவில் அதற்கு 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அந்த விஷத்தை அவர் வீட்டு நாயும் கோழியும்கூடத் தின்னும்.

இனி கட்டும் முறை. கயிறு வேண்டாம். கழுத்துக்கு அகலமான தோல் பட்டை போடுங்கள். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதில் சுழலும் கொக்கி வைத்த சங்கிலி. குட்டையாக ஒரே முளையில் கட்டினால் எந்த நாயும் ஊளையிடத்தான் செய்யும். அதற்குப் பதிலாக, 40 அடி இடைவெளியில் இரண்டு கற்கால்களை நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே தடித்த ஜி.ஐ. கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்து, சங்கிலியை வளையத்தில் மாட்டுங்கள். நாய் கம்பி நீளத்துக்கு ஓடலாம், சங்கிலி படுக்கவும் எட்ட வேண்டும். இரண்டு கால்களுக்கும் 5 அடி முன்பாகவே வளையம் நின்றுவிடும்படி கம்பியில் தடை வையுங்கள். இல்லாவிட்டால் காலைச் சுற்றிச் சுற்றிக் கழுத்து இறுகிவிடும். கிணற்று மேட்டுக்கும் வேலிக்கும் பக்கத்தில் இதை அமைக்காதீர்கள். வேலியைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் தொங்கிச் செத்த நாய்கள் உண்டு. வேப்பமர நிழலும் கவிழாத தண்ணீர்த் தொட்டியும் இருந்தால் போதும்.

ராத்திரிச் சோற்றைக் கட்டிய பிறகே வையுங்கள். கட்டுக்கு வந்தால்தான் சோறு என்று சில நாளில் பழகிவிடும். முதல் வாரம் ஊளையிடும். எழுந்து போய் அதட்டினால், கூப்பிட்டதும் ஆள் வருகிறது என்று இன்னும் கூப்பிடும். காலையில் அவிழ்த்ததும் கையில் பிடித்து எல்லை வேலியோரமாக ஒரு சுற்று நடத்துங்கள், மாலையிலும் ஒரு சுற்று. நாய்க்கு இது பழக்கம். உங்களுக்கு வேலியில் எங்கே சந்து இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். எப்போதும் கட்டிலேயே போட்டு நடமாட விடாமல் வைப்பது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி தவறு.

கிளுவை வேலி மாட்டை நிறுத்தும், நாயை நிறுத்தாது. அடியில் இலையே இருக்காது. 4 ஏக்கருக்கும் வலை அடிக்கச் செலவு தாங்காது. சாளையைச் சுற்றி மட்டும் வாசலைப் போல ஓர் இடத்தை அடைத்தால் போதும். கம்பி வலையின் அடியில் ஒன்றரை அடியை உட்பக்கமாக மடக்கி, மேலே கல் வைத்து மண் மூடுங்கள். நாய் வேலியை ஒட்டித்தான் பறிக்கும். வலை தட்டியதும் விட்டுவிடும். படலின் அடியிலும் இடைவெளி இருக்கக் கூடாது. வேலியில் நேரடியாகக் கரண்ட் விடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது சட்டவிரோதம், முதலில் மாட்டிக்கொள்வது வீட்டு ஆளாகவே இருக்கலாம்.

3 வயது ஆண் நாய் இரவில் போவதற்கு முக்கியக் காரணம் பெட்டை. ஒரு பெட்டை வருடத்துக்குச் சுமார் இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 3 வாரம். சுற்று வட்டாரத்தில் ஒன்றில்லாவிட்டால் இன்னொன்று பருவத்தில் இருக்கும், வாசனை வெகுதூரம் எட்டும். விதை நீக்க அறுவை சிகிச்சை செய்தால் இந்த அலைச்சல் பெரும்பாலும் குறையும். அடுத்த நாளே நிற்காது, சில வாரங்கள் ஆகும். பழகிய வழியை மறக்க அதற்கு மேலும் ஆகலாம். ‘காயடித்தால் காவல் போய்விடும்’ என்பது வீண் பயம். தன் இடத்துக்குள் அந்நியர் வந்தால் குரைக்கும் குணம் அப்படியே இருக்கும். மயக்க மருந்து கொடுத்து கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும். மாட்டுக்குக் காயடிக்கிறவரைக் கூப்பிடாதீர்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தால் உடனே போடுங்கள். இரவில் கூட்டத்தோடு சுற்றிய நாய் என்பதால், உடம்பில் கடிக்காயம் இருக்கிறதா என்று முடியை விலக்கிப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். காயம் இருந்தால் ஒரு ஊசியோடு முடியாது. கடிபட்டுப் பிழைத்த ஆடுகளின் காயத்தை சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் காட்டும்படி பக்கத்துத் தோட்டக்காரரிடமும் சொல்லுங்கள். உங்களில் யாரையாவது நாய் கடித்தாலோ கீறினாலோ இதே போலக் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செத்த ஆட்டை மேட்டில் எறியாமல் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஆட்டுத் தலையை நாய்க்குப் பச்சையாகப் போடும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஆட்டு மூளையில் இருக்கும் நீர்க்கட்டியைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாய்ச் சாணத்தோடு கொறங்காட்டுப் புல்லில் விழும். அதை மேய்கிற ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழுந்து சாகும். உங்கள் நாய்க்கு 3 மாதத்துக்கு ஒரு முறை நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டெல் மாத்திரை கொடுங்கள். எடைக்குத் தக்க அளவை மருத்துவர் சொல்வார்.