ஏரியைச் சுற்றினால் வேகம் வருமா?

நம்மூர் கால்பந்துப் பையன்களை விடியற்காலையில் ஏரியைச் சுற்றி ஓடவிடுவதை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. சொன்னால் பழைய ஆட்டக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டர். அதை ஓடினால் தம் கூடும், அதில் சந்தேகமில்லை. "வேகமும் வரும்" என்று சேர்த்துச் சொல்கிறார்களே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் தபால் பையோடு இந்த மேட்டில் ஏறி இறங்கியவன் நான். தம் இருந்தது, வேகம் ஒருநாளும் வந்ததில்லை.

90 நிமிட ஆட்டத்தில் ஒருவர் 10 கிலோமீட்டர் போல ஓடுகிறார். பெரும்பகுதி நடையும் மெதுவோட்டமும்தான். முழு வேகப் பாய்ச்சல் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று விநாடி, 15, 20 மீட்டர். பந்து யாருக்கு என்பது அதற்குள் முடிந்துவிடும்.

இதில் மலைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1968 ஒலிம்பிக்ஸ் நடந்த மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரம். நாம் 2,100 சொச்சம், கிட்டத்தட்ட பக்கத்து வீடு. அங்கே ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 விநாடியில் ஓடினார். பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். இரண்டும் உலக சாதனை. அதே ஊரில் 10,000 மீட்டரில் சாதனையைக் கையில் வைத்திருந்த ரான் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். மெல்லிய காற்று ஒரு பாய்ச்சலைக் கெடுப்பதில்லை. பாய்ந்த பிறகு அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராவதைத்தான் கெடுக்கிறது. தசை மறுபடி நிரம்ப ஆக்சிஜன் வேண்டும், இங்கே மூச்சுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கீழே கொடுக்கிற ஓய்வை விட இங்கே கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் விசில் ஊதி அவசரப்படுத்துகிறார்கள். களைத்த காலோடு ஓடுகிற பையன் மெதுவாக ஓடத்தான் பழகுகிறான்.

நார்வேக்காரர்கள் 2001-இல் ஒன்று செய்து பார்த்தார்கள். இளம் ஆட்டக்காரர்களுக்கு, நான்கு நிமிடம் கடும் ஓட்டம், மூன்று நிமிடம் மெதுவோட்டம், இப்படி நான்கு தடவை. வாரம் இரண்டு நாள், எட்டு வாரம். ஆட்டத்தில் ஓடிய தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடியது, பாய்ச்சல்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. ஆனால் பாய்ச்சலின் வேகம் அப்படியே இருந்தது! தம் ஒரு பயிற்சி, வேகம் இன்னொரு பயிற்சி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தத் தம்முக்கும் ஏரி தேவையில்லை. 2006-இல் இத்தாலியில் வெறும் ஓட்டத்தையும், சின்ன இடத்தில் சில பேராகப் பிரிந்து ஆடும் ஆட்டத்தையும் ஒப்பிட்டார்கள். பலன் ஒன்றுபோலவே வந்தது. கால் மைதானம் இருந்தால் போதும், பையன்களும் பந்தோடு இருப்பார்கள்.

வேகத்துக்கு மேடு. கொடைக்கானலில் மேட்டுக்கா பஞ்சம்? 25 மீட்டர் சரிவு, உயிரைக் கொடுத்து ஓடு, நடந்தே இறங்கு, இரண்டு மூன்று நிமிடம் நில், மறுபடி ஓடு. ஆறேழு தடவை, அவ்வளவுதான். தார் ரோட்டில் இறக்கத்தில் ஓடவிடக் கூடாது, முழங்கால் போய்விடும்.

சமதளம் கிடைக்காத ஊரில் ஏரி ரோடுதான் இலவச மைதானம் என்பது நியாயமான பதில். இருந்தாலும் ஏரிச் சுற்றை வைத்தே டீமுக்கு ஆள் எடுக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். பத்து மீட்டரில் அவனைப் பிடிக்க ஆளில்லை. ஏரிச் சுற்றில் எப்போதும் கடைசி. "தம் இல்லாதவன்" என்று இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்த்தி வைத்தார்கள். பிறகு வருவதையே விட்டுவிட்டான். இப்போது சீசனுக்கு டாக்ஸி ஓட்டுகிறான்.

இதையெல்லாம் ஒரு கோச்சிடம் சொன்னேன். "சார், நீங்கள் சொல்கிற மாதிரி நின்று நின்று ஓடவிட்டால், பையனுக்கு வேர்க்கவே இல்லையே, எதற்கு ஃபீஸ் என்று பெற்றோர் கேட்பார்கள்" என்றார். ஜூனில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை, 20 மீட்டர் ஓடவிட்டு ஸ்டாப்வாட்ச் கணக்கை நோட்டில் எழுதி அவர்களிடம் காட்டுங்கள் என்றேன். நோட்டை நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.